உங்களுக்குத் தெரியுமா? ஒரு பனம்பழத்தில் மூன்று வடலி!

ஆடி, ஆவணியில் மட்டக்களப்பு வாவியோரம் விழும் பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்தால், பெரும்பாலும் மூன்று கொட்டை மிஞ்சும். சிலதில் இரண்டு, அரிதாக ஒன்று. பழம் கிடந்த இடத்திலேயே மண்மூடி மாரி மழை பிடித்தால், ஒரே இடத்தில் மூன்று வடலி எழும்புவது இதனால்தான். பனம்பூவின் சூலகத்தில் மூன்று அறை, பெரும்பாலும் மூன்றுமே விதையாகும். தென்னைக்கும் மூன்று அறைதான், ஆனால் வழக்கமாக ஒன்றே விதையாகிறது. தேங்காயின் மூன்று கண்ணும் அந்த மூன்றின் தடயம். அபூர்வமாக ஒரே தேங்காயில் இரண்டு மூன்று முளை வருவதும் உண்டு.

பனை முளைக்கும் விதம் இன்னும் அருமை. கொட்டையிலிருந்து குழாய் போல ஒரு தண்டு நேரே கீழே இறங்கி, கருவை மண்ணின் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. கிழங்கு பருப்பது அங்கேதான். அந்த வேளையில் கொட்டையை வெட்டினால், உள்ளே வெள்ளையாய், இனிப்பாய்ப் பூரான் இருக்கும். கன்றுக்கு உணவை உறிஞ்சிக் கொடுப்பது அதுவே.

மூன்றில் எது ஆண்பனை, எது பெண்பனை என்பது பாளை வரும்வரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகும். ஆகவே வேலியோரம் நடுவதானால், எதையும் கழிக்காமல் மூன்று கொட்டையையும் பிரித்து, இடம்விட்டு நடுங்கள்.