கிடங்கில் எத்தனை நாள் சரக்கு?

கம்ப்யூட்டர் கம்பெனியின் பங்கை வாங்கலாமா, விற்கலாமா என்று நாலு முதலீட்டாளர்கள் பேச ஆரம்பித்தால், பேச்சு புது மாடலைச் சுற்றியே ஓடும். அது ஓடும், ஓடாது என்று ஆளுக்கொரு கட்சி. கம்பெனியின் கிடங்கில் எத்தனை நாள் சரக்கு கிடக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

காரணம் எளிது. மெமரி சிப், ஹார்டு டிஸ்க், பிராசஸர் எல்லாம் காய்கறி மாதிரி. வைத்திருக்க வைத்திருக்கப் பொதுவாக மதிப்பு இறங்கும். அடுத்த தலைமுறை சிப் வந்துவிட்டால், பழையதை அடக்க விலைக்குக் கீழே தள்ளிவிட வேண்டியதுதான். அந்த நஷ்டம் நேராகப் பங்குதாரர் தலையில் விழும்.

கணக்கிட ஆண்டறிக்கையில் இரண்டு எண்கள் போதும். பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் சரக்கிருப்பை, லாப நட்டக் கணக்கில் இருக்கும் விற்ற சரக்கின் அடக்க விலையால் வகுத்து, 365-ஆல் பெருக்குங்கள். எத்தனை நாள் விற்பனைக்கான சரக்கு தேங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆப்பிளின் கதையில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 1997 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் அதற்கு 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஆப்பிள் தன் கையில் இருந்தால் மூடிவிட்டுப் பங்குதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று அந்த அக்டோபரில் போட்டிக் கம்பெனியான டெல்லின் தலைவர் மைக்கேல் டெல் சொன்னார். அந்த நிதியாண்டு முடிவில் ஆப்பிளின் சரக்கிருப்பு 43.7 கோடி டாலர். அடக்க விலை சுமார் 571 கோடி. வகுத்தால் 28 நாள்.

ஆப்பிளின் பொறுப்பை மீண்டும் ஏற்ற ஸ்டீவ் ஜாப்ஸ் மாடல்களைக் கடுமையாகக் குறைத்தார். காம்பேக் கம்பெனியிலிருந்து 1998-இல் வந்த டிம் குக் பல கிடங்குகளை மூடினார், சப்ளையர்களின் எண்ணிக்கையைச் சுருக்கினார். அந்த நிதியாண்டு முடிவில் சரக்கிருப்பு 7.8 கோடி டாலர். சுமார் 6 நாள்.

அதே ஆண்டில் விற்பனை 708 கோடியிலிருந்து 594 கோடி டாலராக இறங்கியது. ஆனாலும் 30.9 கோடி டாலர் லாபம். முந்தைய ஆண்டு நஷ்டத்தில் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கிய செலவு போன்ற ஒருமுறைச் செலவுகளும் உண்டு என்பதால், திருப்பம் முழுவதையும் கிடங்கின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் எல்லோரும் புகழ்ந்த புது மாடலான ஐமேக் கடைக்கு வந்தது 1998 ஆகஸ்ட் 15 அன்று. நிதியாண்டு முடிய ஆறு வாரம்கூட இல்லை. அந்த மாடல் வருவதற்கு முன்பே கம்பெனி தேறத் தொடங்கியிருந்தது.

இந்தக் கணக்குக்கும் ஒரு எல்லை உண்டு. டீலருக்கு அனுப்பிய சரக்கு கம்பெனியின் கணக்கில் விற்பனையாகிவிடும்; அது கடையில் தூங்குவது பேலன்ஸ் ஷீட்டில் தெரியாது. 2000-இல் ஆப்பிளின் சொந்த சரக்கிருப்பு மிகக் குறைவு. இருந்தும் விற்பனை மந்தம் என்று கம்பெனி எச்சரித்ததும், செப்டம்பர் 29 அன்று பங்கு விலை ஒரே நாளில் பாதியானது. டீலர்களிடம் சரக்கு தேங்கியிருந்தது பிறகு வெளிவந்தது.

ஆகவே பங்கை வாங்குமுன் நான்கைந்து ஆண்டு அறிக்கைகளை எடுத்து இந்த நாள் கணக்கைப் போடுங்கள். விற்பனை ஏறாமல் நாள் மட்டும் ஏறினால் உஷாராகுங்கள். நாள் குறைந்திருந்தால், டீலரிடம் எத்தனை வாரச் சரக்கு இருக்கிறது என்று தேடுங்கள். இரண்டு பதிலும் கைக்கு வந்தபின் புது மாடலைப் பற்றி வாதாடலாம்.