மலைக்குப் பின்னால் நிலவை வைக்கும் கலை

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைப் பக்கம், படக் கடைகளில் ஒரு வகைப் படம் அடிக்கடி கண்ணில் படும். அருணாசல மலை, உச்சியில் தீபம், அதன் பின்னால் பெரிய முழுநிலவு, முன்னால் ரமணர். இந்த நான்கும் ஒரே கேமராவில் ஒரே நொடியில் சிக்கியவை அல்ல. தனித்தனிப் படங்களைக் கணினியில் சேர்த்து உருவாக்கிய ஒட்டுப்படம் இது.

இந்த வித்தை கணினிக்கு முந்தியது. 1857-இல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படம் அச்சிட்டார். தமிழில் 1940-இல் வந்த ‘உத்தம புத்திர’னில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். ஒரே நடிகரை இருவராகக் காட்ட அந்தக் காலத்தில் ஒரு வழி இருந்தது: லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுப்பார்கள், ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியில் மீண்டும் எடுப்பார்கள். பிறகு இந்த வேலை கணினிக்கு வந்தது. 1990-இல் வெளியான ஃபோட்டோஷாப் மென்பொருளுக்கு 1994-இல் ‘லேயர்’ வசதி கிடைத்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல் படங்களை அடுக்கி, எதை வேண்டுமானாலும் தனியே திருத்தலாம்.

அடிப்படைக் கருவி மாஸ்க். அதில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும், சாம்பல் பூசிய இடம் பாதி தெரியும். படத்தை வெட்டி எறியாததால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மலையின் விளிம்புக்குத் தெளிவான கோடு போதும். ரமணரின் வெண்தாடிக்கு மென்மையான விளிம்பு வேண்டும். இல்லையெனில் கத்தரித்து ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும்.

தீபத்துக்கு மாஸ்க்கே தேவையில்லை. இரவில் எடுத்த சுடரை ‘ஸ்கிரீன்’ என்ற கலப்பு முறையில் வைத்தால் கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் கீழுள்ள படத்தோடு சேரும். ‘மல்டிப்ளை’ இதற்கு நேர்மாறு: வெள்ளை மறையும், இருள் தங்கும். நிழல் சேர்க்க அதுதான் ஏற்றது. ரமணர் 1950-இல் மறைந்தவர். பெங்களூரின் ஜி.ஜி.வெல்லிங் அவரை எடுத்த புகழ்பெற்ற உருவப்படம் கறுப்பு வெள்ளை. அதில் ஃபிலிமின் துகள் தன்மை உண்டு. இன்றைய கைபேசிப் படத்திலும் சிறிது துகளைச் சேர்த்தால்தான் இரண்டும் ஒட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் மென்பொருள் செய்யும் வேலை. இதற்கு மேல் வேண்டியது திசையறிவு.

ஆசிரமம் மலையின் தென் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் உச்சி வடக்கே நிற்கும். சுமார் 12 பாகை வட அட்சரேகையில் உள்ள இந்த ஊரில் நிலவு நேர் வடக்கே தாழ்வாக நிற்பதே கிடையாது. கார்த்திகைப் பௌர்ணமி நிலவு சற்று வடக்கே தள்ளி உதித்தாலும் நள்ளிரவில் கிட்டத்தட்ட தலைக்கு மேல் போய்விடும். ஆகவே ஆசிரமப் பக்கத்து மலையின் உச்சிக்குப் பின்னால் முழுநிலவை ஒட்டுவது இயற்கையில் நடக்காத காட்சி. கிரிவலம் வந்து பழகியவர் மலையின் வடிவத்தைப் பார்த்தே எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று சொல்லிவிடுவார்.

இதற்கு வழி உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் மேற்குப் பகுதிக்குப் போய்க் கிழக்கு நோக்கி மலையைப் படமெடுங்கள். பௌர்ணமி நிலவு சூரியன் மறையும் வேளையில் கிழக்கே உதிக்கிறது. உச்சியைத் தாண்டி எழும்போது இருட்டியிருக்கும். எனவே மலையைக் கருநீலமாக்க வேண்டும், வெயிலடிக்கும் பாறையாக விடக்கூடாது. வானில் நிலவின் அகலம் அரைப் பாகைதான். அதைப் பெரிதாக்குவது கலைஞரின் விருப்பம். ஒளியோ நிலவுப் பக்கமிருந்துதான் வர வேண்டும். முன்னிருந்து வெளிச்சம் விழுந்த முகத்தை நிலவுக்கு முன் நிறுத்தினால் கண் உறுத்தும். அந்த முகத்தை மங்கலாக்கி வானோடு கலந்துவிட்டால் அது நினைவுருவாக நிற்கும்.

விதியை அறிந்து மீறினால் அது கலை. அறியாமல் மீறினால் பிழை. தீபத் திருநாளில் இப்படிப்பட்ட படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘கணினியில் சேர்த்தது’ என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். பார்ப்பவர் அதை நேரில் எடுத்த படம் என்று நம்ப வேண்டியதில்லை. செய்து பார்க்க விரும்புவோருக்கு ‘ஜிம்ப்’ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. படமெடுத்த இடத்தையும் திசையையும் நேரத்தையும் மட்டும் மறக்காமல் குறித்து வையுங்கள்.