கருடனா, கோயில் திருவிழாவா? முதலில் வாங்க வேண்டிய லென்ஸ் எது?

கோல சிலாங்கூருக்குக் கேமராவோடு வருபவர்களின் பார்வை பெரும்பாலும் வானத்தில்தான் இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றின் மேலே செம்பருந்து வட்டமிடுகிறது. நம்மவர்கள் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே கருடன்தான். அதைப் பார்க்கும் தோட்டத்து இளைஞருக்கும் ஆசை வருகிறது: பீரங்கி போன்ற அந்த நீண்ட லென்ஸ் நம்மிடம் இருந்தால்! ஆனால் அவரிடம் இருப்பது ஒரே ஒரு லென்ஸுக்கான பணம். அதுவும் வார இறுதிகளில் கல்யாணம், காதுகுத்து என்று ஓடி ஓடிப் படமெடுத்துச் சேர்த்தது. அதை எதில் போடுவது?

கடைக்குப் போனால் இரண்டு வகை லென்ஸ்களைக் காட்டுவார்கள். ஒன்று 50 மி.மீ., எஃப் 1.8. உள்ளங்கையில் அடங்கிவிடும். கேனன் நிறுவனத்தின் புதிய வகை 160 கிராம்தான். விலை ஏறக்குறைய ஆயிரம் ரிங்கிட். மற்றொன்று 600 மி.மீ. வரை எட்டும் நீண்ட லென்ஸ். 2014-இல் சிக்மா அறிமுகப்படுத்திய 150-600 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய இரண்டு கிலோ எடை. விலை சில ஆயிரம் ரிங்கிட். விளையாட்டரங்குகளில் காணும் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். அதை இங்கே பேச வேண்டாம்!

எஃப் எண் என்பது என்ன? லென்ஸின் குவியத் தூரத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. எண் சிறியதானால் துவாரம் பெரிது, வெளிச்சம் அதிகம். இனி ஒரு சின்னக் கணக்கு. 600 மி.மீ. லென்ஸில் பறவை, 50 மி.மீ. லென்ஸில் தெரிவதைவிட 12 மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் 600-இல் அந்தச் சிக்மா லென்ஸ் திறப்பது எஃப் 6.3 வரைதான். எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எட்டத்தில் 12 மடங்கு கிடைக்கிறது, வெளிச்சத்தில் 12 மடங்கு போய்விடுகிறது.

இதைத் தீமிதி நாளில் வைத்துப் பாருங்கள். இருட்டிவிட்டது, குழியின் தணலும் இரண்டு மூன்று குழல் விளக்குகளும்தான் வெளிச்சம். எஃப் 1.8 லென்ஸில் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கிடைக்கும் படத்துக்கு, எஃப் 6.3-இல் எட்டில் ஒரு பங்கு நேரம் வேண்டும். அதற்குள் பக்தர் குழியில் அடுத்த அடி வைத்திருப்பார். ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றலாமே என்றால், 1600 இருந்த இடத்தில் சுமார் 20,000 வைக்க வேண்டும். படம் மணல் தூவியது போலாகும். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். ஓடுபவரின் காலை நிறுத்தாது.

கோல சிலாங்கூரின் மற்ற காட்சிகளும் பலர் நினைப்பதற்கு மாறாகவே இருக்கின்றன. புக்கிட் மலாவாத்தி குன்றில் உள்ள சாம்பல் நிறக் குரங்குகள் வருகையாளரின் தோளில் ஏறிவிடும். ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும் அவற்றின் குட்டியை எடுக்க 50 மி.மீ. தாராளம். ஆற்றில் கோழித்தோல் வீசிப் பருந்துகளைப் படகருகே வரவழைக்கிறார்கள் (அது பறவைக்கு நல்லதா என்பது வேறு விவாதம்). அவ்வளவு அருகில் 600 வைத்தால் சிறகு ஒன்றுதான் சட்டத்துக்குள் வரும். 200 அல்லது 300 போதும். கம்போங் குவாந்தானில் மின்மினிகளுக்கு நீண்ட லென்ஸ் உதவவே உதவாது. எஃப் 1.8-உம்கூட ஆடும் சம்பானிலிருந்து வெல்லாது. கரையில் முக்காலி வேண்டும், பல நொடி பொறுமை வேண்டும். பிளாஷ் அறவே கூடாது.

அப்படியானால் நீண்ட லென்ஸ் வீணா? இல்லை. 1987-இல் தொடங்கிய இயற்கைப் பூங்காவை ஒட்டிய சேற்றுக் கரையில், செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வந்து தங்கும் கரைப்பறவைகளுக்கு அதை விட்டால் வழியில்லை. அங்கும் நீர் ஏறும் நேரம் பார்த்துப் போனால்தான் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கும். நண்பகலில் சேற்றிலிருந்து எழும் வெப்ப அலை எந்த லென்ஸின் படத்தையும் குலைத்துவிடும். தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996), பல கருவிகளின் பாகங்களைத் தாமே பூட்டிச் செய்த கேமராவால் யானைகளைப் படமெடுத்துப் புகழ்பெற்றார். ஆனால் காடே அவருக்கு வாழ்க்கை. ஆண்டில் நான்கு முறை கடற்கரைக்குப் போகும் ஒருவருக்கு வாடகை லென்ஸ் போதாதா?

1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் கார்த்தியே-பிரெசோன், வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தினார். மனிதரை எடுக்க, மனிதர் அருகில் போய் நின்றார்.

வட சிலாங்கூரில் அப்படி எடுக்கப்பட வேண்டிய முகங்கள் நிறைய. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காகப் பல்லாண்டு போராடியதை இந்த வட்டாரம் அறியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் லயத்து வீடுகளும் போயின. பால்மரம் சீவிய கையோடு இன்றும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் எடுக்க எஃப் 1.8 போதும். கரைப்பறவை அடுத்த செப்டம்பரிலும் வரும். ஆகவே முதல் பணம் சின்ன லென்ஸுக்கே!

வாங்குமுன் ஒன்று கவனியுங்கள். உங்கள் கேமராவின் உணர்பலகை சிறியது என்றால் 50 மி.மீ. லென்ஸ் 75, 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும்; லயத்து வீட்டுக்குள் பின்னால் நகர இடமிருக்காது. அவர்களுக்கு 35 மி.மீ. பொருத்தம். இப்போதுள்ள 18-55 லென்ஸை 35-இல் ஒட்டுநாடா போட்டு நிறுத்தி, ஒரு திருவிழா முழுக்க எடுத்துப் பாருங்கள். பிறகு 50-இல் நிறுத்தி இன்னொன்று. எதில் அதிகப் படம் தேறுகிறதோ அந்த அளவைக் கடையில் கேளுங்கள்.