‘பதிமூணா? கம்மிதானே!’

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ஊருக்கு வழக்கமான வீடியோ கால். "சுகர் பாத்தியாப்பா? எவ்வளவு இருக்கு?" என்று அம்மா கேட்டார். "13 இருக்கும்மா" என்றேன். "பதிமூணா? கம்மிதானே, பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு பக்கத்து வீட்டு வளைகாப்புக் கதைக்குப் போய்விட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. இங்கிலாந்தில் மீட்டர் காட்டுவது மில்லிமோல் கணக்கு. நம்மூர் மில்லிகிராம் கணக்குக்கு மாற்ற 18-ஆல் பெருக்க வேண்டும். 13 என்றால் 234. அதைச் சொல்லியிருந்தால் அம்மா அன்று தூங்கியிருக்க மாட்டார். அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், 234 என்ற எண்ணை என் வாயால் சொல்ல எனக்கே பயம்.

எனக்கு இப்போது 37 வயது. லண்டன் பக்கம் ஹாரோவில் வீடு, நகரத்துக்குள் சாஃப்ட்வேர் வேலை. 34 வயதில் டைப் 2 சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். நம் தெற்காசிய உடம்புக்கு இது மற்றவர்களைவிட இளம் வயதிலேயே, குறைந்த எடையிலேயே வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இன்ஜினியர் புத்தி, உடனே எக்ஸெல் ஷீட் போட்டேன். இட்லிக்கு ஒரு காலம், நடைக்கு ஒரு காலம். ஒரே வருஷத்தில் 9 கிலோ குறைந்தது. மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 51-க்கு வந்தது, ஊர்க் கணக்கில் 6.8 சதவீதம். வார இறுதி பார்ட்டிகளில் நான்தான் எல்லோருக்கும் அட்வைஸ். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிறகு எல்லாம் நின்றுபோனது. புது புராஜெக்ட், ராத்திரி 9 மணி கால், பிஸ்கட் பாக்கெட், நாலு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம் என்று காரணம் அடுக்கலாம். எல்லாமே உண்மைதான். ஆனால் முதலில் நின்றது மாத்திரை. அதற்கான காரணத்தை ஒன்றரை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. மெட்ஃபார்மின் சாப்பிட்டால் காலையில் எனக்கு வயிறு கலக்கும். நான் போகும் மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலில் கழிவறை கிடையாது. இரண்டு முறை பாதி வழியில் இறங்கி ஓடியிருக்கிறேன். மூன்றாவது முறை வேண்டாமென்று ஆபீஸ் போகும் நாட்களில் மாத்திரையை விட்டேன். அப்புறம் எல்லா நாளும் விட்டேன்.

அதற்கப்புறம் மீட்டர் டிராயருக்குள் போனது. ரத்தப் பரிசோதனைக்கு வரச்சொல்லி கிளினிக்கிலிருந்து வந்த மெசேஜ்களைத் திறக்கவில்லை. கண் பரிசோதனைக்கு வந்த கடிதம் பிரிட்ஜ் மேலேயே கிடந்தது. 2014-இல் அப்பாவுக்கு ஆறாத புண்ணால் கால் பெருவிரலை எடுத்தார்கள். பீரோவைத் துழாவியபோது பிரிக்காத லேப் கவர்கள் மூன்று கிடைத்தன. "ஏம்ப்பா பிரிச்சுக்கூடப் பாக்கல?" என்று ஆஸ்பத்திரியில் வைத்து கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். படிக்காத மெசேஜ் ஏழு இருந்த என் போனை ஒரு நாள் பார்த்தபோது அந்த முகம் ஞாபகம் வந்தது.

நவம்பரில் ரத்தம் கொடுத்தேன். 79. அதாவது 9.4 சதவீதம். திட்டு விழும் என்று தயாராகத்தான் போனேன். அந்த நர்ஸ் திட்டவில்லை. "மாத்திரையை எப்போ நிறுத்தினீங்க, என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். ரயில் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இது நிறைய பேருக்கு நடப்பதுதான், மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் இருக்கிறது, அது வயிற்றை அவ்வளவு படுத்தாது என்றார். மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷ விஷயம்! இதை ஒன்றரை வருஷம் சுமந்திருக்கிறேன்.

எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் யாரால் விழுந்தது என்று கேட்பதில்லை, எங்கே உடைந்தது என்றுதான் தேடுவோம். நம் வீடுகளில் சர்க்கரை என்று வந்தால் மட்டும் முதல் கேள்வியே "என்னத்த தின்ன?" என்பதுதான். இப்படிக் கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? பார்ட்டியில் "ஒரு நாள்தானே, சாப்பிடுங்க பாஸ்" என்று குலாப் ஜாமூனை நீட்டுவதும், விஷயம் தெரிந்ததும் "உங்களுக்கா, இந்த வயசுலயா?" என்று வாயைப் பிளப்பதும் ஒரே ஆள்தான். வாட்ஸ்அப் குரூப்பில் வேறு, மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று மாதத்துக்கு ஒருமுறை ஃபார்வர்டு வருகிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. ஏற்கெனவே கிட்னி பலவீனமாக இருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் எனக்கு உதவிய இன்னொரு விஷயம், இங்கே நடந்த 'டைரெக்ட்' என்ற ஆய்வு. நியூகாசில் பேராசிரியர் ராய் டெய்லரும் கிளாஸ்கோ பேராசிரியர் மைக் லீனும் நடத்தியது. தீவிர உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருஷ முடிவில் மருந்தில்லாமலேயே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. எல்லோரும் சொல்வது இந்த எண்ணைத்தான். என் கண்ணில் பட்டது இரண்டாம் வருஷத்து எண், 36. டாக்டர்கள் கூடவே இருந்தும் சறுக்கியவர்கள் இருக்கிறார்கள். அதைவிட முக்கியம், எடை திரும்ப ஏறினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு மீட்புத் திட்டம் ஆரம்பத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. சறுக்கல் வரும் என்று தெரிந்துதான் இறங்கியிருக்கிறார்கள். என் எக்ஸெல் ஷீட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இந்த முறை ஷீட் இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் 15 நிமிஷம் நடை, மழையென்றால் வீட்டுக்குள்ளேயே. எட்டு வயது மகள்தான் டைமர் போடுகிறாள். ஒரு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் குத்திப் பார்த்தேன். நாலு இட்லி சாம்பாருக்கு 13.4 காட்டியது. இரண்டு இட்லி, இரண்டு முட்டை, கூட ஒரு நடை என்றபோது 9.1. இது என் உடம்பின் கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கும். இட்லியை விட வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. நடுவில் பொங்கலுக்கு மூன்று நாள் எல்லாம் கெட்டது. நாலாம் நாள் காலையில் மீட்டரை எடுத்தேன், 12.8. எழுதி வைத்தேன்.

மாத்திரைக்கு இங்கே காசும் இல்லை. இங்கிலாந்தில் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் விண்ணப்பித்து விலக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டால், எந்த மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் கிடையாது. புதிதாக வந்தவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

மார்ச்சில் எச்பிஏ1சி 62 வந்தது. இன்னும் இறங்க வேண்டும். கண் பரிசோதனைக்கும் போய் வந்தேன், இப்போதைக்கு ஒன்றுமில்லை.

போன சனிக்கிழமை அம்மா கேட்பதற்கு முன்னால் நானே ஆரம்பித்தேன். "அம்மா, அன்னிக்கு 13-ன்னு சொன்னேன்ல, அது நம்மூர் கணக்குல 234."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இப்ப எவ்வளவுப்பா?"

"160-க்கு மேல இருக்கும்மா."

"சரி. மாத்திரை போட்டியா?"

"போட்டேன்மா."