டெல்லிக் கணக்குப் பரீட்சை... பிள்ளையைப் படுத்தாதீங்க!

'அம்மா, நாளைக்கு எங்க ஸ்கூல்ல டெல்லிக் கணக்குப் பரீட்சையாம்!' என்று பிள்ளை சொன்னதுமே சில வீடுகளில் டி.வி. அணைந்துவிடும். ராத்திரி பத்தரை மணி வரை வாய்ப்பாடு, திட்டு, அழுகை... விடிந்தால் பிள்ளைக்கு வயிற்றுவலி!

கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பரீட்சை உங்கள் பிள்ளையை எடைபோட வைப்பதே இல்லை.

யாருக்கு மார்க்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போமே, அந்தக் கதைதான். நாடு முழுக்க சில பள்ளிகளை மட்டும் எடுத்து, அங்கே படிக்கும் பிள்ளைகளைச் சோதித்து, பாடம் எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கணிக்கிறார்கள். 2017லும் 2021லும் 'தேசிய அடைவு ஆய்வு' என்ற பெயரில் நடந்தது. 2024 டிசம்பர் 4ம் தேதி 'பரக்' சர்வே என்று 3, 6, 9ம் வகுப்புகளுக்கு நடத்தினார்கள். 781 மாவட்டங்களில் 21 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் எழுதினார்கள். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாமே இதில் உண்டு.

முடிவு வருவது மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும்தான். உங்கள் பிள்ளைக்கு பாஸ், ஃபெயில் கிடையாது.

முடிவு என்ன சொன்னது?

2024ல் கணக்கில் தேசிய சராசரி, 3ம் வகுப்பில் 100க்கு 60. ஆறாம் வகுப்பில் 46. ஒன்பதாம் வகுப்பில் வெறும் 37! மேலே போகப் போகச் சறுக்குகிறது. ஆறாம் வகுப்பில் பத்தாம் வாய்ப்பாடு வரை தெரிந்தவர்களே 100க்கு 53 பேர்தான். கணக்கு மாடிப்படி மாதிரி. கீழ்ப்படி ஆடினால் மேல்படியில் கால் நிற்காது. ஆகவே உங்கள் பிள்ளை திணறினால், 'இது மட்டும் ஏன் இப்படி?' என்று இடிந்து போகாதீர்கள். எந்தப் படி ஆடுகிறது என்று தேடுங்கள்.

தப்பு விடையும் பேசும்

52லிருந்து 27 போனால் 25. பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறதா? அது கவனக்குறைவு அல்ல. 2லிருந்து 7 போகாது என்பதால் 7லிருந்து 2ஐக் கழித்துவிட்டது. கடன் வாங்கிக் கழிப்பது இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். இப்படிப்பட்ட தப்புகளைத் தெரிந்துகொண்டேதான் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' கேள்விகளில் தவறான விடைகளையும் வைப்பார்கள். அதனால் 'எத்தனை மார்க்?' என்று கேட்காமல், 'இதை எப்படிப் போட்டே, சொல்லு?' என்று கேளுங்கள்.

பயம் வந்தால் கணக்கு போகும்

கணக்குப் போடும்போது எண்களைச் சிறிது நேரம் மனசில் பிடித்து வைக்க வேண்டும். பயம் வந்தால் அந்த இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். தெரிந்ததும் மறந்து போகும்! எனவே:

1. முதல் நாள் ராத்திரி புதுப் பாடம் வேண்டாம். நேரத்தோடு தூங்க வையுங்கள்.

2. காலையில் வழக்கமான இட்லியோ தோசையோ போதும். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

3. 'எனக்கும் கணக்கு வராது, நம்ம பரம்பரையே அப்படி' என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். பெற்றோரின் பயம் பிள்ளைக்கும் தொற்றும்.

4. கணக்குப் பீரியட் உள்ள நாளெல்லாம் வயிற்றுவலி, தலைவலி என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆசிரியரிடமும் பேசுங்கள்.

5. எவ்வளவு பழக்கியும் எண்களின் வரிசை, கூட்டல் கழித்தல் குறி, கடிகார நேரம் எல்லாமே குழம்புகிறதா? 'டிஸ்கால்குலியா' என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். மனநல நிபுணரிடம் அழைத்துப் போங்கள். 2016ம் ஆண்டுச் சட்டம் இதையும் குறைபாடாக ஏற்றிருக்கிறது.

'மக்கு' என்று பட்டம் கட்டிவிட்டால் பிள்ளை அதை நம்பிவிடும். அப்புறம் கழற்றுவது ரொம்பக் கஷ்டம்!