சாரம் கட்டிய ஆலைகள்

காலனி ஆட்சிக்காலத்து ஆலைப் படங்களில் என்னை அதிகம் இழுப்பவை, கட்டி முடியாத ஆலைகளின் படங்கள். கூரை ஏறாத இரும்புச் சட்டம், பாதியில் நிற்கும் புகைபோக்கி, சுற்றிலும் மூங்கில் சாரம். இவற்றை யாரும் அழகுக்காக எடுக்கவில்லை. ஆலை எழும்புவது இந்தியாவில். வடிவமைத்தவரும் பணம் போட்டவரும் பெரும்பாலும் கடலுக்கு அப்பால். கொடுத்த தொகைக்கு வேலை நடந்திருக்கிறதா என்று அவர்கள் சரிபார்க்கக் கப்பலேறிப் போன சாட்சி இந்தப் படங்கள்.

தொடக்கத்தில் இப்படிப் படமெடுப்பது பெரும்பாடு. 1851-ல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் தங்கும்? இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், தண்ணீர், சுமக்க ஆட்கள் என எல்லாம் கூடவே போக வேண்டியிருந்தது. 1871-ல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டுக்கு வழிகாட்டினார். சில ஆண்டுகளில் தகடுகள் பெட்டியில் அடைத்து விற்பனைக்கு வந்தன. பிறகு கட்டுமானப் பொறியாளரே படமெடுக்கலாம், கழுவுவதை இரவுக்குத் தள்ளிவைக்கலாம்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், கேமராவின் பின்புறத்துத் தேய்த்த கண்ணாடியில் ஆலை தலைகீழாகத் தெரியும். உயரமான புகைபோக்கிக்காகக் கேமராவை அண்ணாத்தி வைத்தால், படத்தில் அது பின்னால் சாய்ந்துவிடும். அதனால் கேமராவை நேராகவே நிறுத்தி, லென்ஸ் பலகையை மட்டும் மேலே நகர்த்துவார்கள். தூண்கள் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாற்போல் நிற்பது இதனால்தான். மூலையில் வெள்ளையாகத் தேதியும் எண்ணும் இருக்கும். அது நெகட்டிவில் மையால் எழுதியது. மை ஒளியை மறைப்பதால் அச்சில் அந்த இடம் வெள்ளையாகவே தங்கிவிடுகிறது.

டாடா நிறுவனம் சாக்சியில், இன்றைய ஜாம்ஷெட்பூரில், கட்டிய எஃகு ஆலையை எடுத்துக்கொள்வோம். இங்கே பணம் கடல் கடந்து வரவில்லை. 1907-ல் ஏறக்குறைய 8,000 இந்தியர்கள் மூன்றே வாரத்தில் பங்கு வாங்கி முதல் திரட்டினார்கள். தொழில்நுட்பத்துக்கு அமெரிக்கப் பொறியாளர்கள் வந்தார்கள். 1908 பிப்ரவரியில், சுவர்ணரேகை, கர்காய் ஆறுகள் கூடும் இடத்தருகே வேலை தொடங்கியது. 1912 பிப்ரவரியில் முதல் எஃகு வார்ப்பு வெளிவந்தது. காட்டைத் திருத்தி அடித்தளம் தோண்டியவர்களில் சந்தால் மக்கள் உண்டு. மண் சுமந்த பெண்களை ‘ரேஜா’ என்றார்கள்.

இப்படிப்பட்டவர்களைப் படங்களில் தேட ஒரு வழி இருக்கிறது. லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் ஒருசேரத் தெளியும். ஆனால் தகட்டில் ஒளி விழ நேரம் பிடிக்கும். அதற்குள் அசைந்தவர் கலங்கலாகிவிடுவார். தெளிவாகத் தெரிபவர் அசையாமல் நின்றவர்: தொப்பி வைத்த அதிகாரி, அல்லது தூணின் உயரம் விளங்க அதனடியில் நிறுத்திவைத்த தொழிலாளி. கூடை சுமந்து நடந்த பெண் வெறும் நிழலாகத்தான் பதிந்திருப்பாள். வேலை நடந்ததற்குச் சான்று கேட்ட படத்தில், அந்த நொடியில் வேலை செய்துகொண்டிருந்தவள் அவள்தான். ஆகவே நான் முதலில் தேடுவது கலங்கலான இடங்களைத்தான். பெரிய தகடு என்பதால் நுணுக்கம் ஏராளம்; உருப்பெருக்கியை வைத்தால் ரிவெட்டுகளை எண்ணலாம், சாரத்தின் கயிற்றுக் கட்டையும் பார்க்கலாம்.

ஆலைகள் மூடப்படும்போது இத்தகைய படங்களை ஒட்டிவைத்த ஆல்பங்களும் பழைய சாமான்களோடு வெளியேறிவிடுகின்றன. வாங்குகிறவர்கள் நல்ல படத்தை மட்டும் கிழித்தெடுத்துச் சட்டம் போடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். ஒரே இடத்திலிருந்து மாதாமாதம் எடுத்தவற்றை வரிசையாக வைத்தால்தான் சுவர் எப்போது எழும்பியது, சாரம் எப்போது பிரிந்தது, வேலை எந்த மாதம் தேங்கியது என்பது விளங்கும். உங்கள் கையில் அப்படியோர் ஆல்பம் கிடைத்தால் பிரிக்காதீர்கள்; மங்கிய படத்தையும் தேதியோடு, எண்ணோடு, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வையுங்கள்.