வீடியோ காலில் டாக்டர், பக்கத்தில் நர்ஸ்... டீம் வொர்க்கை எப்போ கத்துக்கிறது?

டவுனுக்குப் போக ஒரு நாளைக்கு ரெண்டே பஸ் வரும் ஒரு மலைக்கிராமம். அங்கே இருக்கும் துணை சுகாதார நிலையத்தில் 65 வயது பாட்டி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் செவிலியர். எதிரே டேப்லெட்டில் டாக்டர். 'சுகர் எவ்வளவு இருக்கு?', 'மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?' என்ற ரெண்டு கேள்வியோடு கால் முடிந்துவிடுகிறது.

பாட்டியின் பாதத்தில் புண் இருப்பது செவிலியருக்குத் தெரியும். டாக்டர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கி பாட்டி தினமும் போடும் வலி மாத்திரை பற்றி ரெண்டு பேருக்குமே தெரியாது. சர்க்கரை நோயாளிக்குப் பாதப்புண் முற்றினால் காலையே எடுக்க வேண்டி வரலாம். வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் ரத்த அழுத்தம் ஏறலாம், கிட்னியும் பாதிக்கப்படலாம்.

இத்தனைக்கும் நெட்வொர்க் நன்றாகவே இருந்தது. சேர்ந்து வேலை பார்க்கத்தான் ரெண்டு பேருக்கும் பழக்கமில்லை.

தனித்தனி கிளாஸ், ஒரே நோயாளி

மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019-ல் தொடங்கியது. அதில் ஒரு முறை, கிராமத்து சுகாதார நிலையத்தில் இருக்கும் பணியாளர் நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூரத்து டாக்டரிடம் ஆலோசனை கேட்பது. ஸ்கிரீன் வழியாக டாக்டரால் தொட்டுப் பார்க்க முடியாது. அங்கே இருப்பவர்தான் அவருக்குக் கையும் கண்ணும்.

ஆனால் எம்.பி.பி.எஸ், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி மாணவர்கள் பெரும்பாலும் தனித்தனியாகவே படிக்கிறார்கள். வேலைக்கு வந்த பிறகுதான் ஒரே நோயாளிக்காகச் சந்திக்கிறார்கள். இவர்கள் படிக்கும்போதே ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது.

பயிற்சி எப்படி நடக்கும்?

அமெரிக்காவில் சில கல்லூரிகள் டெலிஹெல்த்தையே இதற்கான வகுப்பறையாக்கியிருக்கின்றன. நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் கேமரா முன் உட்காருவார். வெவ்வேறு துறை மாணவர்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து காலில் இணைவார்கள்.

* காலுக்கு முன்: யார் எதைக் கேட்பது என்று சில நிமிடம் பேசி முடிவு செய்வார்கள். மாத்திரைகள் பார்மசி மாணவருக்கு, மூட்டு பிசியோ மாணவருக்கு.

* காலில்: சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு. இப்போதைய நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன தேவை. 'எஸ்பார்' எனப்படும் இந்த முறை, அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. டாக்டர் டோஸ் சொன்னால், '500 மில்லிகிராம், ரெண்டு வேளை, சரிதானே?' என்று செவிலியர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

* காலுக்குப் பின்: எதைத் தவறவிட்டோம் என்று எல்லோரும் சேர்ந்து பேசுவார்கள். 'டாக்டர், பாதத்தையும் ஒரு தடவை பாருங்க' என்று நர்சிங் மாணவி தயங்காமல் சொல்லப் பழகுவது இங்கேதான்.

இதனால் பலன் உண்டா?

ஸ்கிரீன் வழியே சேர்ந்து கற்றால் என்ன நடக்கும் என்பதற்கு நியூ மெக்ஸிகோ நல்ல உதாரணம். அங்கே 2003-ல் கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய 'ப்ராஜெக்ட் எக்கோ'வில், பல்கலைக்கழக நிபுணர்களும் கிராமப்புற மருத்துவக் குழுக்களும் வீடியோவில் நோயாளிகளைப் பற்றிக் கலந்து பேசினார்கள். கிராமத்தில் கிடைத்த ஹெபடைடிஸ் சி சிகிச்சையின் பலன், பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சமமாக இருந்ததாக 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள். அதே பழக்கம் கல்லூரியிலேயே வந்துவிட்டால், முதல் நாள் டியூட்டியிலேயே நோயாளிக்குப் பலன் கிடைக்கும்.

நீங்க என்ன செய்யலாம்?

நீங்க மருத்துவம் சார்ந்த படிப்பு படிக்கிறீங்களா? பக்கத்து டிபார்ட்மென்ட் நண்பர்கள் ரெண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு மாதிரி காலை நடத்திப் பாருங்க.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு வீடியோ கன்சல்டேஷனா? கடையில் வாங்கினது உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் கேமரா முன்னாடி வைங்க. புண், வீக்கம் இருந்தால் கேட்கும்வரை காத்திருக்காம நீங்களே காட்டுங்க. அந்த டீமில் நீங்களும் ஒருத்தர்தான்!